மாடு உண்டு, கட்டுத்தறி இல்லை

பரம ஏழைக் குடும்பத்தைக் கைதூக்கிவிட என்ன வழி என்று வளர்ச்சித் துறைக்காரர்களைக் கேட்டால், பேச்சு சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரு மாட்டில் வந்து நிற்கும். வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிவைத்த வழி அது. ஊரிலேயே நலிந்த வீடு எது என்று ஊர்க்காரர்களையே சொல்லவைப்பார்கள். அந்த வீட்டுக்குக் கறவை மாடோ, ஆடோ, கோழியோ, சிறு வியாபாரத்துக்குச் சரக்கோ கொடுப்பார்கள். பசி தாங்காமல் மாட்டை விற்றுவிடக் கூடாது என்பதற்காகச் சில மாதங்களுக்குப் படிக்காசும் உண்டு. கூடவே வளர்ப்புப் பயிற்சி, சேமிப்புக் கணக்கு, வீடு தேடி வந்து விசாரிக்க ஒரு பணியாளர். இரண்டு ஆண்டுகள் ஆனதும் குடும்பம் தன் காலில் நிற்கும் என்று விலகிக்கொள்வார்கள்.

நின்றதா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதன் ஆசிரியர்களில் அடக்கம். திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் உண்பது, உடுப்பது, சேமிப்பது எல்லாம் ஒரு படி கூடித்தான் இருந்தன. மேற்கு வங்கத்தில் பந்தன் நிறுவனம் நடத்திய திட்டத்தில் அந்த முன்னேற்றம் பத்தாண்டு கழித்தும் நிலைத்தது. ஹோண்டுராஸில் மட்டும் கணக்கு தவறியது. அங்கே பெரும்பாலோர் கோழி கேட்டு வாங்கினார்கள். நோய் வந்து கோழிகள் மாண்டுபோயின.

இந்த ஆய்வுகளில் யாரும் பெரிதாக எடுத்துப் பேசாத ஒன்று உண்டு. மாடு வாங்கியவர்களுக்கு, ஓலைக் குடிசையோ மண் சுவரோ, ஒரு வீடும் வாசலும் இருந்தன. மாட்டைக் கட்ட ஒரு முளைக்குச்சி அடிக்க இடம் இருந்தது. அதைத் தனியே எழுதிவைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தத் திட்டத்தைக் கொண்டுபோனால், முட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் தமிழர்கள் இன்றும் இருக்கிறார்கள். பலர் அந்தத் தோட்டங்களிலேயே பிறந்தவர்கள். அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் கைச்செலவுக்கென்று தொடங்கிய இரண்டு மாடு பெருகி மந்தையாகியிருக்கும். காலையில் பட்டியைத் திறந்துவிட்டால் செம்பனை வரிசைகளுக்கிடையே வளரும் புல்லையும் கொடியையும் மேய்ந்து மாலையில் திரும்பும். பாலைப் புட்டியில் ஊற்றி மோட்டார் சைக்கிளில் தாமான் தாமானாக, குடியிருப்புப் பகுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தைப்பூசத்துக்குக் குடத்துப் பால் தனி வரும்படி. காளைக் கன்றுகளுக்கு ஹாஜிப் பெருநாள் சமயத்தில் நல்ல விலை கிடைக்கும். பிராக் கையேடு எழுதியவர்கள் பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். யாரும் கொடுக்காமலே மாடு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சந்தை இருக்கிறது. ஆனால் மேய்ச்சலும் பட்டியும் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில். மாடு செம்பனை இளங்கன்றைக் கடிக்கிறது, மண்ணை மிதித்து இறுக்குகிறது என்று காரணம் சொல்லி, மாடுகளை வெளியேற்றும்படி நிறுவனங்கள் கடிதம் கொடுக்கின்றன. அண்மை ஆண்டுகளில் மாட்டுக்காரர்கள் மகஜரைத் தூக்கிக்கொண்டு அலைவது இதனால்தான். முதிர்ந்த செம்பனையின் அடியில் மாடு மேய்ந்தால் களை எடுக்கும் செலவு குறைகிறது என்று சொல்லி, மலேசிய அரசு நிறுவனங்களே செம்பனையோடு மாடு வளர்ப்பதை ஊக்குவித்து வந்திருக்கின்றன என்பது இதில் ஒரு வேடிக்கை.

இந்தக் குடும்பங்களின் வறுமையை வருமானக் குறைவு என்று மட்டும் எண்ணினால் பாதிதான் விளங்கும். அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைப் பேணினார். அவற்றில் ஒரு மரம் இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளில் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் திரட்டி வந்தது இந்த மரத்துக்காகத்தான்.

தோட்டம் என்பது வேலைத்தலம் மட்டும் அல்ல. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பதிலிருந்து, மங்கில் சேர்ந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவதுவரை துரையின் கணக்கு. வேலை முடிந்து திரும்பும் லயத்து வீடும் துரையுடையது. பிள்ளையை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, காய்ச்சலுக்குப் போகும் தோட்டத்து ஆஸ்பத்திரி, கடனுக்குச் சாமான் தரும் கடை, கும்பிடும் மாரியம்மன் கோயில் எல்லாம் அதே வேலிக்குள். பள்ளிக்கூடமும் அப்படித்தான் வந்தது. படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பேராக்கில் இன்றும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. நாட்டிலேயே அதிகமான எண்ணிக்கை அது.

கூலி குறைவு. மழை பெய்தால் வெட்டு இல்லை, மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பாலும் இல்லை. ஆனாலும் வாடகை கிடையாது, தண்ணீர்க் காசு கிடையாது, லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கீரையும் முருங்கையும் வைத்துக்கொள்ளலாம். மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் வண்டி ஓடியது. ஆபத்து அதே இடத்தில்தான் இருந்தது. வாழ்வின் எல்லா நூலும் ஒரே கையில் இருந்ததால், அந்தக் கை விரிந்த நாளில் வேலை, வீடு, பள்ளி, அண்டை அயல், மாட்டுப்பட்டி எல்லாம் ஒரே நாளில் போயின. நெல் விவசாயிக்கு விளைச்சல் பொய்த்தால் வயலாவது மிஞ்சும். தோட்டத்தாருக்கு அப்படி மிஞ்ச ஒன்றும் இல்லை.

இதை அன்றே கண்டுகொண்டவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன். சுதந்திரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்தார். துண்டு வாங்கியவருக்குப் பழைய தொழிலாளி தேவையில்லை. அவர் லயமும் தேவையில்லை. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைச் சேர்ப்பது. சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்குவது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வந்தது. வேறு பல தோட்டங்களும் வந்தன. அமைச்சராக இருந்த ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டு நின்றது மலேசியத் தமிழர் வரலாற்றில் பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். கூட்டுறவில் தொழிலாளி பங்குதாரர் ஆனார், நிலக்காரர் ஆகவில்லை. தோட்டம் சிதறாமல் தோட்டமாகவே காப்பாற்றப்பட்டது, வேலை தப்பியது, லாப ஈவு வந்தது. தொழிலாளி ஓய்வு பெற்றால் போய் இருக்கத் தன் பெயரில் கால் ஏக்கர் என்பது அந்த ஏற்பாட்டின் மையமாக இருக்கவில்லை. அன்றைய அவசரம் துண்டாடலைத் தடுப்பது என்பதால் அப்படி அமைந்தது புரிகிறது. அறுபது ஆண்டுக்கு மேல் கழித்துப் பார்க்கும்போது, துண்டுகளில் மிகச் சிறியதைத் தொழிலாளிக்கே கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

அதே பேராக்கில், அதே காலத்தில், வேறொரு கூட்டத்துக்கு நடந்ததை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். கொடுமையான குடியேற்றம்தான், வீடுகளைக் கொளுத்திவிட்டு லாரியில் ஏற்றினார்கள். ஆனால் புதுக்கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுமனை அளந்து விடப்பட்டது. முதலில் தற்காலிக உரிமம், பிறகு பலருக்கு நீண்டகாலக் குத்தகை. கிந்தா பள்ளத்தாக்கில் இன்று பட்டறையும் பலகாரத் தொழிலும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும் பல ஊர்கள் அந்த மனைகளில் முளைத்தவை. தோட்டத்துத் தமிழர்களையும் அப்போது வேலிக்குள் கூட்டிக் கட்டினார்கள், ஆனால் தோட்டத்துக்குள்ளேயே, துரையின் நிலத்திலேயே. வேலி எடுக்கப்பட்டபோது அவர்கள் பெயருக்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்தது விரைவாகச் சொல்லக் கூடியது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது சுமார் 60,000 தோட்டத்தார் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1981 செப்டம்பர் 7 அன்று காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில், தோட்டங்களை வைத்திருந்த பிரிட்டிஷ் கத்ரி நிறுவனம் மலேசிய முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. முதலாளியின் முகவரி லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது, லயம் மாறவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆட்களும் குத்தகைக்காரர் வழியாக இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. 1980க்கும் 2000க்கும் இடையில் மூன்று லட்சம் இந்தியர்கள் தோட்டங்களிலிருந்து வெளியேறினார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் மதிப்பீடு. தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் வேலிக்கு வெளியே நின்றன. வெளியேறிய பிறகோ அவர்கள் கிராமத்தாராகவும் கருதப்படவில்லை.

வெளியேறியவர் கையில் இருந்தது ஊழியர் சேமநிதிப் பணம். நாள்கூலியில் பிடித்த சேமநிதி எவ்வளவு இருக்கும்? மகள் கல்யாணத்துக்கோ மகனுக்கு லாரி வாங்க முன்பணத்துக்கோ போய்விடும் தொகை. மாநிலத் தலைநகர் ஈப்போவின் புறநகரில் மலிவுவிலை அடுக்குமாடியில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றாம் மாடியில் முருங்கை வைக்க முடியாது, மாடு கட்ட முடியாது. அடுப்பெரிக்க விறகுகூடக் காசு. தோட்டத்தில் சம்பளத்துக்குள் அடங்கியிருந்த செலவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து தனித்தனியே கை நீட்டின. லயத்தில் கிடைத்ததைவிடச் சம்பளம் கூடினாலும் வீட்டில் பற்றாக்குறை ஏற்பட்டது அதனால்தான்.

அரசின் வறுமைக் கணக்கு இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ள வெகுகாலம் பிடித்தது. மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பம்தான் ஏழை என்று நெடுநாள் கணக்கிட்டு வந்தார்கள். 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதைக் கடுமையாக விமர்சித்துவிட்டுப் போனார். 2020இல் புதிய கோடு 2,208 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. 2022 கணக்கெடுப்பில் அது 2,589. உணவுக்கே போதாத பரம ஏழை என்பதற்கான கோடு அந்த ஆண்டு 1,198 ரிங்கிட். அதற்குக் கீழே இருப்பவர்கள் நாடு முழுவதும் 0.2 சதவீதம்தான் என்கிறது அதே கணக்கெடுப்பு. எண் சிறியது, ஆனால் உதவிக்கு வாசல் ‘இகாசே’ என்ற தரவுத்தளம். அதில் பெயர் ஏற அடையாள அட்டை வேண்டும். தோட்டத்து மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பதியாமல் விட்ட தலைமுறை ஒன்று உண்டு. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டையோடு ஆயுளைக் கழித்தவர்களும் உண்டு. 2011இல் இந்தியர்களுக்கென்றே மைடாஃப்தார் என்று தனிப் பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தது அதனால்தான். பரம ஏழையைக் கண்டுபிடிப்பதற்கு பிராக் ஊர்க்கூட்டத்தைப் போடுகிறது. இங்கே ஊரே கலைந்துவிட்டது.

கலைந்த ஊரின் விளைவு கடன் திட்டங்களிலும் தெரிகிறது. மலேசியாவின் அமானா இக்தியார், வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பார்த்து 1986இல் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனையாகத் தொடங்கி, மறு ஆண்டு நிறுவனமானது. ஐந்து பெண்கள் ஒரு குழு, வாரக்கூட்டம், வாரத்தவணை, ஒருவருக்கு ஒருவர் துணை. ஆரம்ப காலத்தில் அது போய்ச் சேர்ந்தது மலாய்க் கம்பங்களுக்கு. இந்தியத் தொழில் முனைவோருக்கு தெக்குன் என்னும் அரசுக் கடன் நிறுவனம் வழியாக ஸ்புமி, இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியார் வழியாக ‘பெண்’ என்ற திட்டம் என்று பின்னால் வந்தன, பிந்தையது 2024இல்தான். ஐந்து பெண்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போட, பத்து வருடமாவது அடுத்தடுத்த வாசலில் கோலம் போட்டிருக்க வேண்டும். லயத்தில் அது இருந்தது. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது.

லயத்துப் பெண்களிடம் வேறொரு ஏற்பாடும் இருந்தது: கூட்டு. பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி போட்டால் மாதம் ஒருத்திக்கு ஆயிரம். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளை அதிகம் உள்ளவள் எடுப்பாள், தீபாவளிக்கு இன்னொருத்தி. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதியைத் தடைசெய்துவிட்டது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். ஆனால் அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். நெருக்கடியைத் தாங்கும் சக்தி என்று அறிக்கைகள் எழுதுவது, இந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரை ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தைத் தாங்குவது. அந்த வகையில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பும், 2022 டிசம்பரில் தொடங்கிய, ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டும் இல்லத்தரசிகள் திட்டமும் எந்தத் தொழில் முனைவோர் பயிலரங்கையும்விடப் பயனுள்ளவை என்று நினைக்கிறேன். பயிலரங்குக்குக் கூட்டம் சேர்ப்பவர்கள் அந்தப் பாரத்தையும் நிரப்பிக் கொடுத்து அனுப்பினால் நல்லது.

கையில் மண் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஈப்போவுக்குள்ளேயே சான்று இருக்கிறது. எட்டயபுரம் பக்கமிருந்து வந்த சில குடும்பங்கள் குனோங் சீரோ மலையடிவாரத்தில் குடியிருந்து, தலையில் தட்டு வைத்துக் கச்சான் விற்றுப் பிழைத்து வந்தன. 1973 அக்டோபரில் சுண்ணாம்புப் பாறை சரிந்து அங்கே இருந்த குடிகளை நசுக்கியது; சுமார் நாற்பது பேர் மாண்டார்கள். அதன்பின் கச்சான்காரர்கள் புந்தோங் பகுதியில் மனை பெற்று வந்து சேர்ந்தார்கள். இன்று அந்தத் தெருக்களுக்குக் கச்சான் பூத்தே கிராமம் என்றே பெயர். முன்வாசலில் கடை, பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி. ஒரு வீட்டில் முறுக்கு பிழிந்தால் அடுத்த வீட்டில் பட்டாணி பொரிகிறது, அதற்கடுத்ததில் ஓமப்பொடி. காயவைக்கத் தாழ்வாரம், மூட்டை அடுக்க அறை, இரவில் லாரி வந்து நிற்க வாசல். சைக்கிளில் தொடங்கியவர்களின் பிள்ளைகள் நாடு முழுவதும் சரக்கு அனுப்புகிறார்கள். திறமையும் உழைப்பும் அவர்களுடையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே கைப்பக்குவமுள்ள பெண், வாடகை அடுக்குமாடியில் முறுக்குச் சுட்டால் புகை என்று மேல்மாடிக்காரர் புகார் கொடுப்பார். உரிமம் கேட்டுப் போனால் இடம் யார் பெயரில் என்று முதல் கேள்வி வரும்.

இலங்கை மலையகம் இதைப் பிந்தியாவது பிடித்துக்கொண்டது. அங்கே 2015க்குப் பிறகு, இந்திய உதவியோடு கட்டப்படும் தனி வீடுகளோடு ஏழு பேர்ச் நிலமும் அதற்கான உறுதிப் பத்திரமும் என்று பேச்சு மாறியது. ஏழு பேர்ச் என்பது 2,000 சதுர அடிக்கும் குறைவு. போதாது என்று மலையகத்தார் சண்டை போடுகிறார்கள். சண்டை சரியான பொருளைப் பற்றியது. பேராக்கில் சுங்கை சிப்புட்டை மையமாகக் கொண்ட அலைகள் அமைப்பும், அந்தத் தொகுதியில் 2008 முதல் 2018 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் தோட்டத்தார் பக்கம் நின்று இத்தனை காலமாகக் கேட்டு வந்ததும் கிட்டத்தட்ட இதுதான்: ஓய்வு பெறும் தொழிலாளிக்குச் சொந்த வீடு, குடிபெயர்த்தால் மாற்று இடம்.

2023 பிப்ரவரியில் கூட்டரசு மக்கள் வருமான முயற்சி என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் இன்தான் பிரிவு ஏழைகளுக்கு நிலத்தில் பாத்தியும், விளைச்சலை வாங்க நிறுவனமும் ஏற்பாடு செய்கிறது. சுமார் இரண்டாண்டு கைப்பிடித்து நடத்துவது என்ற எண்ணத்தில் பிராக்கின் சாயல் இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பாத்தி யாருடையது, இரண்டாண்டுக்குப் பின் யாருடையது என்ற கேள்வியைக் கூட்டரசால் தனியாகத் தீர்க்க முடியாது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். அரசு நிலத்தில் பயிரிடும் ஏழைக்குப் பெரும்பாலும் கிடைப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். உரிமக்காரர் இறந்தால் பிள்ளைக்குப் போகாது. அதை அடகு வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. முப்பது ஆண்டு காய்க்கும் மரத்தை நட யாருக்குத் தைரியம் வரும்? கிடைத்த வருடத்துக்குள் எடுத்துவிடக் கூடிய மிளகாயும் கீரையும்தான் போடுவார்கள்.

பேராக்கிடம் செய்யக் கூடியது இருக்கிறது. அதே நிலச் சட்டம் பொதுத் தேவைக்கு அரசு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தை அப்படி ஒதுக்க முடியும். பெருந்தோட்ட நிறுவனங்களில் பெரியவை பலவற்றின் பெரும்பங்கு இன்று அரசு சார்ந்த முதலீட்டு நிதிகளிடம் இருப்பதால், தோட்டம் வீடமைப்புக்கு மாறும்போது லயத்துக் குடும்பங்களுக்கு மனை ஒதுக்குவதை நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான நிபந்தனையாக வைப்பதும் முடியாத காரியமல்ல. அந்த அனுமதியைக் கொடுப்பதே மாநில அரசுதான். இன்தான் பாத்திக்குப் பத்தாண்டுக் குத்தகை என்று இருந்தால் தேசிக்காயும் கொய்யாவும் நடலாம், மாட்டுக்குப் புல்லும் போடலாம். இவை எதற்கும் புதிய இலாகா வேண்டாம், ஈப்போவில் ஆட்சிக்குழு கூடிக் கையெழுத்திட்டால் போதும்.